தொப்பையும் இருக்கிறது, ஜிஏடியும் பொசிற்றிவ். என் வயிறுதான் என் சதையியைக் (கணையத்தைக்) கெடுத்ததா?

உப்புவெளி_ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்துவிட்டு இன்றுதான் போடுகிறேன்.

எனக்கு 43 வயது. திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ரீச்சர். சீனி வருத்தம் கண்டுபிடித்து நாலு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தார்கள், வெறும் வயிற்றில் 168. அன்றைக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கும் இருந்தது, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. என் இடுப்பளவு அப்போது 96 சென்ரிமீற்றர். "இரண்டாம் வகை, வயிற்றைக் குறையுங்கள்" என்று மெட்போமின் தந்தார்கள்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1 இலிருந்து 6.9 க்கு இறங்கியது. இரண்டாம் வருடம் மெல்ல ஏறத் தொடங்கியதும் கிளிக்கிளசைட் சேர்த்தார்கள். மூன்றாம் வருடம் அதையும் உச்ச அளவுக்குக் கூட்டினார்கள். ஆனாலும் எச்பிஏ1சி 10.4. நான் போன கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிடுகிறீர்கள்?" சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் இரண்டு இடியப்பம், மத்தியானம் அரைக் கோப்பை நாட்டரிசிச் சோறு, மீன், கீரை, இரவில் கொஞ்சம் குரக்கன் பிட்டு. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்டு மூன்று வருடம். இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் நின்று அழுதேன்.

கடைசி ஐந்து மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டது. கையும் காலும் மெலிந்துபோயின, வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வந்த ஒரு டொக்டர் என் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். "வீட்டில் யாருக்காவது தைரொயிட் இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா பல வருடமாகத் தைரொயிட் குளிசை எடுக்கிறார் என்றேன். உடனே இரண்டு சோதனை எழுதினார். இரத்தத்தை இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நிர்ப்பீடனம் சதையியைத் தாக்குவதைக் காட்டும் ஜிஏடி பிறபொருளெதிரி நன்றாகவே பொசிற்றிவ். சதையி எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் குறைவு. "இது லாடா. வளர்ந்தவர்களுக்கு மெதுவாக வரும் தன்னிர்ப்பீடன நீரிழிவு, அதாவது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே சதையியைத் தாக்குவது. இனிமேல் இன்சுலின் வேண்டும்" என்றார்.

இன்சுலினுக்கு நான் பயப்படவில்லை. என்னைக் குடைவது வேறு. வயிற்றுக் கொழுப்பில் அழற்சி வரும், அது உடம்பு முழுக்கப் பரவும் என்று வாசித்தேன். அந்த அழற்சிதான் என் நிர்ப்பீடனத்தை என் சதையிக்கு எதிராகத் திருப்பியதா? அப்படியென்றால் இதை நானேதான் வரவழைத்தேனா?

கடல்காற்று

அக்கா, முதலில் ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சோதனை பிழையாக இருக்கலாம் அல்லவா? தன்னிர்ப்பீடன நீரிழிவு சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. ஒல்லியாக இருப்பவர்களுக்கு வருவது. தொப்பையும் அப்பாவுக்கு சீனியும் இருக்கிற 43 வயதுக்காரருக்கு இரண்டாம் வகைதான் வரும். என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்படித்தான். வேறொரு இடத்தில் இன்னொரு தடவை இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இரத்தத்துளி

நான் திருகோணமலையில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கடல்காற்று தம்பி கேட்டதில் பாதி சரி, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

ஜிஏடி சோதனையில் எல்லைக்கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்றால், நீரிழிவே இல்லாத ஆட்களின் இரத்தத்தைப் பார்த்து, அவர்களில் 97 முதல் 99 வீதம் பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்களோ அந்த இடத்தில் போடுகிறார்கள். ஆகவே ஒரு வருத்தமும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூவர் வரை "பொசிற்றிவ்" என்று வருவார்கள். எல்லைக்கோட்டை ஒட்டி வந்த ரிப்போர்ட்டை மறுபடி பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ரீச்சர் அக்கா "நன்றாகவே பொசிற்றிவ்" என்கிறார். கூடவே குளிசை தோற்றது, உடம்பு மெலிந்தது, சி-பெப்டைட் குறைந்தது, தாய்க்குத் தைரொயிட். இத்தனையும் ஒரே பக்கம் சாயும்போது பிழை என்று தள்ள முடியாது.

ஒல்லிக்காரருக்குத்தான் வரும் என்பது பழைய எண்ணம். 1993 இல் பின்லாந்தைச் சேர்ந்த டுவோமியும் அவுஸ்திரேலியாவில் அவருடன் வேலை செய்தவர்களும் இந்த ஜிஏடி பிறபொருளெதிரியை வைத்துத்தான் வளர்ந்தவர்களிடையே மறைந்திருந்த தன்னிர்ப்பீடன நீரிழிவைப் பிரித்துக் காட்டினார்கள். அதன்பிறகு பிரித்தானியாவின் பெரிய நீரிழிவு ஆய்வில், இரண்டாம் வகை என்று பதிந்து வைத்திருந்தவர்களின் இரத்தத்தைத் தேடிப் பார்த்தபோது ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குப் பிறபொருளெதிரி இருந்தது. அந்தப் பத்தில் ஒருவர் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போடக்கூடாது, அது அங்கே எடுத்தது. ஆனால் நம் கிளினிக் வாங்கில் இருக்கிற எல்லோரும் ஒரே வருத்தக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அக்கா, ஒரு விசயம். சி-பெப்டைட் எடுத்த நேரத்தில் சீனி எவ்வளவு இருந்தது, எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உப்புவெளி_ரீச்சர்

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் எடுத்தது. சீனி 231. சி-பெப்டைட் 0.72, நானோகிராம் என்று போட்டிருக்கிறது. 0.7 க்கு மேலே இருந்தால் பிரச்சினை இல்லை என்று இணையத்தில் ஓரிடத்தில் பார்த்தேன். என்னுடையது 0.72 தானே?

இரத்தத்துளி

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள் அக்கா. நீங்கள் பார்த்த 0.7 என்பது நானோமோல் கணக்கு. உங்கள் ரிப்போர்ட் நானோகிராமில் இருக்கிறது. நானோகிராமை மூன்றால் பிரித்தால் ஏறக்குறைய நானோமோல் வரும். உங்களுடையது 0.24.

2020 இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி லாடாவுக்கென்று ஒரு வழிகாட்டல் எழுதினார்கள். சி-பெப்டைட் 0.3 நானோமோலுக்குக் கீழே என்றால், பிள்ளைகளுக்கு வரும் தன்னிர்ப்பீடன நீரிழிவான முதலாம் வகைக்குப்போலவே இன்சுலின். 0.7 க்கு மேலே என்றால் கிட்டத்தட்ட இரண்டாம் வகைக்குச் செய்வதைச் செய்துகொண்டு, அவ்வப்போது திரும்ப அளக்கவேண்டும். இடையில் நிற்பவர்களுக்கு நிலைமையைப் பார்த்துக் கலந்து. உங்கள் டொக்டர் சொன்னது சரி.

சீனி 231 இருக்கும்போது எடுத்ததும் நல்லது. சீனி தாழ்ந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் நல்ல சதையிகூடக் குறைவாகத்தான் சுரக்கும், ஆளைப் பயப்படுத்திவிடும். மறுபக்கம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

உவர்மலையான்

நான் பிறந்தது உவர்மலையில். இப்போது வெளிநாட்டில் வைத்தியம் பார்க்கிறேன். நீரிழிவு என் சிறப்புத் துறை அல்ல, ஆனால் என் மனைவிக்கு லாடா, ஆகவே இந்த விசயத்தில் என்னால் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். தங்கச்சி கேட்ட கேள்வியை என் மனைவியும் கேட்டார், அதே வார்த்தைகளில்.

முதலில் வயிற்றுக் கொழுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தோலுக்குக் கீழே கிள்ளினால் வருவது ஒரு கொழுப்பு. குடலைச் சுற்றி உள்ளே கிடப்பது இன்னொன்று. இந்த உள்கொழுப்பிலிருந்து வடியும் இரத்தம் பெரும்பாலும் ஈரல் வாயினாளம் வழியாக நேரே ஈரலுக்குப் போகிறது. ஆகவே அங்கே என்ன சுரந்தாலும் முதல் அடி ஈரலுக்கு.

கொழுப்புக் கலம் அளவுக்கு மேல் பருத்தால் அதற்கு இரத்த ஓட்டம் போதாமல் போகிறது. ஒட்சிசன் கிடைக்காமல் சில கலங்கள் சாகின்றன. செத்த கலத்தைத் துப்புரவு செய்ய மக்ரோபேஜ் என்ற வெள்ளைக் கலங்கள் வந்து அதைச் சுற்றி வளையமாக நிற்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிரீடம் வைத்ததுபோல் இருக்கும். சாதாரணமாகத் துப்புரவு முடிந்ததும் அவை கலைந்து போகவேண்டும். ஆனால் இங்கே கொழுப்பு சேர்ந்துகொண்டே இருப்பதால் அவை போவதில்லை. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருட்களை விட்டுக்கொண்டே இருக்கும். கொழுத்த எலிகளின் கொழுப்பே டிஎன்எஃப் சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று ஹொத்தமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் 1993 இல் காட்டினார்கள். மக்ரோபேஜ்கள் கொழுப்புக்குள் குவிவது 2003 இல் தெரியவந்தது. அதே நேரத்தில் கொழுப்புக் கலங்கள் சுரக்கும், உடம்புக்கு நன்மை செய்யும் அடிப்போனெக்ரின் குறைகிறது. காய்ச்சலும் நோவும் இல்லாத, வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிற அழற்சி இது. உமிக்குள் தீ வைத்ததுபோல என்று என் பாட்டி சொல்வார், வேறு விசயத்துக்கு.

சரி, இதற்கும் தன்னிர்ப்பீடனத்துக்கும் என்ன தொடர்பு? இந்த அழற்சியால் இன்சுலின் சரியாகப் பிடிக்காது. சதையியில் இன்சுலின் சுரக்கும் பீற்றாக் கலங்கள் இரட்டிப்பு வேலை செய்யவேண்டி வரும். மாய்ந்து வேலை செய்யும் கலத்துக்குள் புரதங்கள் ஒழுங்காக மடியாமல் உருக்குலையும், அந்தத் துண்டுகள் கலத்தின் மேற்பரப்பில் கூடுதலாகத் தெரியும். நிர்ப்பீடனம் ஏற்கெனவே இந்தக் கலங்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால், இப்போது அடையாளம் காண்பது இன்னும் இலகு. 2001 இல் இங்கிலாந்தில் ரெரன்ஸ் வில்கின் என்ற பேராசிரியர் இந்த எண்ணத்தை முடுக்கிக் கொள்கை என்று வைத்தார். முதலாம் வகையும் இரண்டாம் வகையும் ஒரே பாதை, எடை அதை வேகப்படுத்துகிறது, ஆளின் பரம்பரை எந்தளவு தன்னிர்ப்பீடனத்தைச் சேர்க்கிறதோ அந்தளவு வேகம் மாறுகிறது என்பது அவருடைய வாதம்.

கடல்காற்று

அப்படியென்றால் அண்ணா, பதில் "ஆம்" தானே? தொப்பை அழற்சியைக் கொண்டுவந்தது, அழற்சி சதையியைத் தின்றது. அக்காவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். வயிற்றைக் குறைத்திருந்தால் வந்திருக்காது.

உவர்மலையான்

இல்லை தம்பி. அந்த இடத்தில்தான் நிற்கவேண்டும். இது நான் ஒரு வருடமாக மனதில் போட்டு உருட்டிய விசயம்.

நோர்வேயில் ஹன்ட் என்று ஒரு ஆய்வு. ஒரு பிரதேசத்து மக்களை 1984 இலிருந்து விடாமல் பார்க்கிறார்கள். சுவீடனிலும் லாடா வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து 2018 இல் வந்த முடிவு: எடை கூடினால் லாடா வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் இரண்டாம் வகைக்குக் கூடுகிற அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. அதிலும் ஜிஏடி அளவு குறைவாக உள்ளவர்களிடம்தான் எடையின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. ஜிஏடி உயரமாக உள்ளவர்களிடம் அது சின்னதாகிவிடுகிறது. அக்காவுடையது உயரம்.

இன்னொன்று. தொப்பையின் அழற்சிதான் காரணம் என்றால், லாடாக்காரர்களின் இரத்தத்தில் அந்த அழற்சிப் பொருட்கள் நிறைய இருக்கவேண்டும் அல்லவா? ஐரோப்பாவில் அக்ஷன் லாடா என்ற கூட்டு ஆய்வில் அளந்து பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-6 உம் டிஎன்எஃப் உம் இரண்டாம் வகைக்காரரிடம் கூடுதல், லாடாக்காரரிடமும் முதலாம் வகைக்காரரிடமும் குறைவு. எடை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த இடைவெளி போகவில்லை. அதாவது லாடாவில் வீட்டை எரிப்பது இந்த உமித்தீ அல்ல. அடித்தளம் பரம்பரையில் இருக்கிறது. முதலாம் வகையோடு சேர்ந்த எச்எல்ஏ மரபணுக்கள் இங்கேயும் இருக்கின்றன, இரண்டாம் வகையோடு சேர்ந்த ரிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவும் சிலரிடம் சேர்ந்து வருகிறது. இரண்டு குடும்பத்துச் சொத்தும் ஒரு வீட்டில் வந்து விழுந்ததுபோல.

ஆகவே என் பதில் இது. பிறபொருளெதிரியைத் தொப்பை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்த சதையியின் மேல் கூடுதல் சுமை ஏற்றியது என்று சொல்லலாம். சுமை இல்லாவிட்டால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். தங்கச்சி, நீங்கள் வரவழைக்கவில்லை. என் மனைவி எப்போதும் ஒல்லி. அவருக்கும் வந்தது.

கடல்காற்று

மன்னிக்கவேண்டும் அக்கா. நான் அவசரப்பட்டுவிட்டேன். என் அம்மாவின் கிளினிக் கொப்பியையும் இன்று எடுத்துப் பார்க்கப்போகிறேன். அவருக்கும் குளிசை வேலை செய்யவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோறு கூடச் சாப்பிடுகிறார் என்று நாங்கள்தான் ஏசுகிறோம்.

வல்லாரைக்கீரை

மகளே, நான் 61 வயதுக்காரி, திருக்கடலூர்ப் பக்கம். எனக்கும் சீனி இருக்கிறது. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் எடுத்துத்தான் குளிசையைப் பாதியாகக் குறைத்தேன். ஊசிக்குப் போனால் பிறகு வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்பார்கள். கொஞ்சநாள் இதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன?

இரத்தத்துளி

அம்மா, உங்களுக்குப் பாகற்காய் கொஞ்சம் உதவியிருக்கலாம், ஏனென்றால் உங்கள் சதையியில் இன்சுலின் இருக்கிறது. ரீச்சர் அக்காவின் சதையியில் சுரப்பதற்கே மிச்சம் குறைவு. வற்றிய கிணற்றுக்கு வாளியை மாற்றி என்ன செய்வது? கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளைக்கூட லாடாவில் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அவை மிச்சமிருக்கும் பீற்றாக் கலங்களைப் பிழிந்து வேலை வாங்குகின்றன. யப்பானில் குளிசையையும் இன்சுலினையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே இன்சுலின் எடுத்தவர்களுக்கே சதையியின் சக்தி கூடக் காலம் நின்றது. ஊசி போட்டதால் ஊசிக்கு அடிமையாவதில்லை அம்மா. சுரப்பு தீர்ந்துபோவதால்தான் ஊசி தேவைப்படுகிறது.

வல்லாரைக்கீரை

சரி மகன், எனக்கு இது தெரியாது. ரீச்சர் பிள்ளை, நீங்கள் டொக்டர் சொன்னதைச் செய்யுங்கள். நான் நாளைக்குக் கோணேசருக்கு ஒரு அர்ச்சனை செய்கிறேன்.

கின்னியா_நானா

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதனால் ஒருவருடைய உயிர் தப்பினாலும் போதும்.

எனக்கு 47 வயது. எனக்கும் இரண்டாம் வகை என்றுதான் சொன்னார்கள். தொப்பை இருந்தது, பிரஷரும் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குளிசை பிடிக்காததால் சிறுநீரில் சீனியை இறக்கும் புதுக் குளிசை ஒன்றைச் சேர்த்தார்கள், எம்பாகிளிஃப்ளோசின். எடை குறைந்தது, சீனி அழகாக வந்தது, நானும் சந்தோசப்பட்டேன். அடுத்து நோன்பு வந்தது. டொக்டரிடம் கேட்காமல் பிடித்தேன், அது என் பிழை. ஒன்பதாம் நோன்பன்று மத்தியானத்திலிருந்து வயிற்று நோவு, ஓங்காளம், மூச்சு வாங்கியது. வீட்டில் சீனியைக் குத்திப் பார்த்தால் 190. "190 தானே, இது வாய்வு" என்று இஞ்சித் தேத்தண்ணி வைத்தார்கள். இரவு என் மனைவியின் தம்பி பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். இரத்தம் அமிலமாகி இருந்தது, கொழுப்பு எரிவதால் வரும் கீற்றோன் நிறைய. ஐந்து நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அங்கேதான் ஜிஏடி பார்த்தார்கள். லாடா.

சீனி பெரிதாக ஏறாமலே கீற்றோன் ஏறலாம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உடம்பில் இன்சுலின் இல்லை, வயிறும் பட்டினி, குளிசை சீனியைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. அப்போது உடம்பு கொழுப்பை எரிக்கும், கீற்றோன் குவியும், மீற்றர் மட்டும் அமைதியாக இருக்கும். நோன்பு பிடிப்பவர்கள், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள், இந்தக் குளிசை எடுத்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். வாந்தி வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீற்றரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உப்புவெளி_ரீச்சர்

நானா, நீங்கள் எழுதியதை வாசித்துக் கை நடுங்கிவிட்டது. போன கிளினிக்கில் எனக்கும் அந்தக் குளிசையைத் தரலாம் என்று கதைத்தார்கள். உங்கள் மச்சானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

உவர்மலை அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையைத் தடவிவிட்டார். நாலு வருடமாக வீட்டிலும் கிளினிக்கிலும் நான் களவாகச் சாப்பிடுகிறவள். இப்போது அப்படி இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சம். தொப்பை காரணம் இல்லை என்றால் இனிமேல் அதை விட்டுவிடலாமா?

உவர்மலையான்

விடக்கூடாது தங்கச்சி. என் மனைவியிடம் கேட்டால் சிரிப்பார், எங்கள் வீட்டில் நான்தான் தொப்பை.

பிறபொருளெதிரியை வயிற்றைக் குறைத்து இல்லாமல் செய்ய முடியாது, அதை எதிர்பார்த்து நடக்கவேண்டாம். ஆனால் வயிற்றின் அழற்சி குறைந்தால் நீங்கள் போடும் இன்சுலின் நன்றாகப் பிடிக்கும், குறைந்த யூனிற்றில் வேலை முடியும். இருதயத்துக்கும் ஈரலுக்கும் நல்லது. லாடாக்காரரிலும் தொப்பை உள்ளவர்களுக்குப் பிரஷரும் கொலஸ்ரரோலும் சேர்ந்து வருகின்றன. ஆக, உங்களுக்கு இரண்டு வேலை: இல்லாத இன்சுலினைக் கொடுப்பது, கொடுத்ததை வேலை செய்யவிடுவது.

நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரரின் அளவு பொருந்தாது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்றுதான் எல்லை வைத்திருக்கிறார்கள். மெல்லிய கையும் காலும் உள்ள நம் ஆட்களுக்கு உள்ளே கொழுப்பு கூடுதல். அளக்கும்போது சாரமோ சேலையோ கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபிறகு, நாடாவை இறுக்காமல்.

எடையை வேகமாகக் குறைக்கவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். நீங்கள் இழந்த 6 கிலோவில் தசை நிறையப் போயிருக்கும், அது இன்சுலின் இல்லாமல் போனது. இன்சுலின் தொடங்கினால் முதலில் இரண்டு மூன்று கிலோ ஏறும். அதைப் பார்த்துப் பயந்து ஊசியைக் குறைக்காதீர்கள். மீன், முட்டை, பருப்பு நன்றாகச் சாப்பிடுங்கள், தசை திரும்பட்டும்.

கின்னியா_நானா

தங்கச்சி, நடைமுறை விசயம் ஒன்று. நம் ஊர் வெயிலில் இன்சுலினைக் கவனியுங்கள். திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில், உறையும் தட்டில் அல்ல. பாவிக்கும் குப்பி வெளியே 28 நாள் தாங்கும், ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் தகர வீட்டுக்குள் வைத்தால் தாங்காது. நான் சின்ன மண்பானைக்குள் இன்னொரு சட்டியை வைத்து, நடுவில் மணல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள். ஒரு தடவை அப்படி வைத்து முழுக் குப்பியும் பழுதாகிவிட்டது, சீனி 300 க்குப் போன பிறகுதான் விளங்கியது.

கடல்காற்று

அம்மாவின் விசயம் சொல்கிறேன். ஜிஏடி நெகற்றிவ். சி-பெப்டைட் நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டாம் வகைதான். ஆனால் கொப்பியைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது, ஒன்றரை வருடமாக மெட்போமின் வயிற்றைக் குழப்புகிறது என்று அம்மா அதைப் பாதிநாள் விழுங்கவே இல்லை. ஏசுவோம் என்று பயந்து சொல்லவில்லை. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். ரீச்சர் அக்கா இந்த இழையைத் தொடங்கியிருக்காவிட்டால் நாங்கள் இன்னும் சோற்றுக் கோப்பையைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உப்புவெளி_ரீச்சர்

ஆறு கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறேன்.

இரவில் 12 யூனிற், இன்னும் சாப்பாட்டு ஊசி தொடங்கவில்லை. கிளிக்கிளசைட்டை நிறுத்திவிட்டார்கள், மெட்போமின் தொடர்கிறது. காலையில் 125 க்கும் 140 க்கும் இடையில் நிற்கிறது. எடை 2 கிலோ ஏறியது, அண்ணா சொன்னதால் பயப்படவில்லை. ஆனால் இடுப்பு 94 இலிருந்து 92. மாலையில் தங்கையோடு கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, கோயில் ஏற்றம் வரை நடக்கிறோம். முதல் கிழமை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடிகிறது. ஒரு வருடமாகப் பின்னேரத்தில் எனக்குக் காலில் சக்தியே இருந்ததில்லை.

பழைய கிளினிக்கில் என்னைப் பார்த்துச் சிரித்தவரைப் போன கிழமை சந்தையில் கண்டேன். ரிப்போர்ட்டைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. காட்டவில்லை. லாடா என்றால் என்ன என்று மட்டும் சொன்னேன். நின்று கேட்டார், பேரை எழுதிக்கொண்டார்.

இரத்தத்துளி தம்பி, எனக்கும் தங்கைக்கும் தைரொயிட் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், டிஎஸ்எச் என்ற ஹோர்மோனும் தைரொயிட் பிறபொருளெதிரியும். இரண்டையும் ஒரே இரத்தத்தில் பார்க்கலாமா? வெறும் வயிற்றோடு வரவேண்டுமா?

இரத்தத்துளி

ஒரே குழாய் இரத்தம் போதும் அக்கா. வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும்: முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் சேர்ந்த குளிசை யாராவது எடுத்தால் இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள், ரிப்போர்ட்டைக் குழப்பிவிடும். தங்கையிடமும் கேட்டுப் பாருங்கள்.

உப்புவெளி_ரீச்சர்

தங்கை எடுக்கிறாள். இன்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறோம்.